மலை மேல் இருந்தால் நிலா பெருசா? பேத்திக்கு என்ன சொல்வது

கட்டபெட்டு தாத்தா:

வணக்கம். கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பாதி ஆயுசு இலை வாட்டும் மாடியில்தான் போனது. ஆனால் கேள்வி தேயிலையைப் பற்றி இல்லை, நிலாவைப் பற்றி.

மகள் கோயமுத்தூரில் இருக்கிறாள். பேத்திக்கு ஏழு வயது, லீவுக்கு வந்திருக்கிறாள். பௌர்ணமி அன்று சாயங்காலம் எதிர் மேட்டில் சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னாலிருந்து நிலா ஏறியது. பார்த்துவிட்டு, "தாத்தா, எங்க ஊர் நிலாவை விட உங்க ஊர் நிலா பெருசு" என்றாள். ஏன் என்று கேட்டேன். "நீங்க மலை மேல இருக்கீங்க இல்ல, பக்கத்துல இருக்கீங்க. அதான்."

யோசித்தால் அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கோடநாடு காட்சிமுனைக்குக் கூட்டிப் போனபோது கீழே தெங்குமரஹாடா வீடுகளைப் பார்த்து, "தூரமா இருக்கறதால குட்டியா தெரியுது" என்று அவளாகவே சொன்னாள். தூரம் போனால் சின்னது, கிட்டே வந்தால் பெருசு. அதையே நிலாவுக்கும் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

அதோடு விடவில்லை. "அப்போ தொட்டபெட்டாவுக்குப் போனா இன்னும் பெருசா தெரியுமா?" அதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொன்று: "சூரியன்தான் நிலாவை விட ரொம்ப ரொம்பப் பெருசுன்னு மிஸ் சொன்னாங்க. ரெண்டும் ஒரே சைஸ்லதானே இருக்கு?"

மாப்பிள்ளை போனில் ஏதோ படம் காட்டினார். அதில் நிலா பூமிக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அவள் அதைப் பார்த்து, "பாருங்க, பக்கத்துலதான் இருக்கு" என்று தன் கட்சியைப் பலப்படுத்திக்கொண்டாள்.

கோடி, லட்சம் என்று அடுக்கினால் எழுந்து ஓடிவிடுவாள். கையில் எதையாவது கொடுத்து அவளே பார்க்கிற மாதிரி வழி இருந்தால் சொல்லுங்கள்.

பர்லியார் டிரைவர்:

தாத்தா, தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார், குன்னூர் வழியாக ஊட்டி வர 50 கிலோமீட்டர் சொச்சம். நிலாவுக்கு அதைப்போல் ஏழாயிரத்து ஐந்நூறு டிரிப் அடிக்கணும். கோயமுத்தூரிலிருந்து கோத்தகிரிக்கு ஏறினால் உயரத்தில் ஒன்றரை கிலோமீட்டர்கூடக் கூடாது. நிலாவுக்கு இதெல்லாம் கணக்கிலேயே வராது.

இன்னொன்று. நிலா உதிக்கும்போது பக்கவாட்டில் இருக்கிறது. மேலே ஏறினால் எப்படிக் கிட்டே போகும்?

மஞ்சூர் டீச்சர்:

ஐயா, உங்கள் பேத்தியின் விதி சரி. அதைத் திருத்தப் போகாதீர்கள். மலையின் உயரம் அந்தத் தூரத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்பதுதான் அவளுக்குத் தெரியாதது. டிரைவர் சொன்ன டிரிப் கணக்கை அப்படியே சொல்லுங்கள், மலைப்பாதையில் வாந்தி எடுக்கிற பிள்ளையாக இருந்தால் உடனே புரியும்.

மற்றதற்கு ஒரு மிளகு போதும். அஞ்சறைப் பெட்டியில் கொஞ்சம் தடித்த மிளகாகப் பார்த்து எடுங்கள், அரை சென்டிமீட்டர் வரும். ஈர்க்குச்சி நுனியில் பசை வைத்து ஒட்டி அவள் கையில் கொடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கையை நன்றாக நீட்டி நிலாவுக்கு நேரே பிடிக்கட்டும். நிலா முழுசாக மறைந்துவிடும். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கண்ணிலிருந்து விரல் வரை அரை மீட்டர்தான் இருக்கும், அந்தக் கைக்கு மிளகு கச்சிதம். உங்கள் கை நீளம், உங்களுக்கு விளிம்பு கொஞ்சம் பிதுங்கித் தெரியும். "ஏன் தாத்தாவுக்கு மறையல?" என்று அவள் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

கட்டைவிரலால் மறைக்கச் சொல்லித்தான் எல்லாரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. நீட்டிய கையில் கட்டைவிரல் நிலாவைப் போல் மூன்று நான்கு மடங்கு அகலம். மறைந்தது தெரியுமே தவிர நிலா எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று தெரியாது.

மறுநாள் பகலில் அதே மிளகோடு தோட்டத்துக்குப் போங்கள். நூற்று எழுபது மீட்டராவது தள்ளியிருக்கிற எதிர்ச் சரிவில் இலை பறிக்கிறவர்களைப் பார்க்கட்டும். ஓர் அக்காவைத் தலைத்துணியிலிருந்து கால் வரை மிளகு மறைத்துவிடும். "அப்போ அந்த அக்கா மிளகு சைஸா?" என்று கேளுங்கள். சிரிப்பாள்.

அவள் ஏன் சிரிக்கிறாள் என்பதுதான் விஷயம். ஓர் ஆள் எவ்வளவு உயரம் இருப்பார் என்று அவளுக்கு முன்பே தெரியும். அதனால் குட்டியாகத் தெரிந்த உடனே மனசு 'தூரம்' என்று எழுதிக்கொள்கிறது. நிலா விஷயத்தில் சைஸும் தெரியாது, தூரமும் தெரியாது. மிளகு மறைத்தது என்ற ஒரே சாட்சிதான் கையில் இருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு, அது பக்கத்தில் மிதக்கும் ஃபுட்பாலா, ரொம்பத் தூரத்தில் இருக்கும் உலகமா என்று பெரியவர்களாலும் சொல்ல முடியாது. சைஸ், தூரம் இரண்டில் ஒன்று தனியாகத் தெரிந்தாக வேண்டும்.

தூரத்தை அளந்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். 1969இல் அப்பல்லோ 11இல் போனவர்கள் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும் கண்ணாடிகளை நிலாவில் வைத்துவிட்டு வந்தார்கள். இங்கிருந்து லேசர் அடித்தால் பட்டுத் திரும்ப இரண்டரை விநாடி. "போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். அதே வெளிச்சம் சூரியனிலிருந்து இங்கே வர எட்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். சூரியன் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதற்குக் கோடியைச் சொல்ல வேண்டாம், இதைச் சொன்னால் போதும். அந்த எட்டு நிமிஷம் அவளை உட்கார வைத்துப் பாருங்கள், தூரம் என்றால் என்ன என்று அவளே சொல்வாள்.

இனி வருவது உங்களுக்கு, அவளுக்கு மூன்று நான்கு வருஷம் கழித்து. எந்தப் பொருளையும் அதன் அகலத்தைப் போல் சுமார் 110 மடங்கு தள்ளி வைத்தால் அது நிலா அளவுக்குத் தெரியும். மிளகுக்கு 55 சென்டிமீட்டர். 22 சென்டிமீட்டர் ஃபுட்பாலுக்கு 24 மீட்டர். இரண்டரை மீட்டர் அகலமுள்ள பஸ் 275 மீட்டர் தள்ளிப் போனால் அதுவும் மிளகுதான். நிலாவின் அகலம் 3,474 கிலோமீட்டர், அதை 110 மடங்காக்கினால் அதன் தூரம் வந்துவிடுகிறது. சூரியனின் அகலம் ஏறத்தாழ 13,92,000 கிலோமீட்டர், தூரம் 15 கோடி. வகுத்தால் 107, 108 என்று வரும். நிலாவைவிட 400 மடங்கு அகலம், ஏறத்தாழ 400 மடங்கு தூரம். இரண்டும் ஒரே சைஸில் தெரிவதற்கு இதுதான் காரணம். 108 என்றதும் யாராவது மந்திரம் சொல்ல ஆரம்பித்தால் நான் பொறுப்பில்லை. நிலா வருஷத்துக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போய்க்கொண்டிருக்கிறது, இந்தப் பொருத்தம் நிரந்தரம் கிடையாது.

சூரியனை மட்டும் மிளகு வைத்துப் பார்க்கவே கூடாது. இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அதற்கு நீங்கள் ஃபேக்டரிக்காரர் என்பதால் உங்களுக்குத் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது. தகரக் கூரையில் ஆணி கழன்ற ஓட்டை வழியாகத் தரையில் ஒரு வெளிச்ச வட்டம் விழுமே, அது ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் படம். ஓட்டை துருப்பிடித்துக் கோணல்மாணலாக இருந்தாலும் சின்னதாக இருந்தால் கீழே வட்டமாகத்தான் விழும். ஒரு வெள்ளைத் தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, வட்டத்தின் அகலத்தையும் ஓட்டையிலிருந்து தாள் வரை உள்ள தூரத்தையும் அளந்து வகுங்கள். மூன்றேகால் மீட்டர் தூரத்துக்கு மூன்று சென்டிமீட்டர் வட்டம் வரும், அதாவது மறுபடி அதே 108. சூரியனை அண்ணாந்து பார்க்காமல் தரையிலேயே அளந்துவிடலாம்.

மாப்பிள்ளை காட்டிய படத்தைப் பற்றி. பாதிப் பாடப் புத்தகங்களும் இதைத்தான் செய்கின்றன, கோள்களைப் பந்தியில் உட்கார வைத்த மாதிரி அடுக்கிவிடுகின்றன. தாள் அவ்வளவுதான் என்பது புரிகிறது, ஆனால் பிள்ளைக்கு அது புரியாது. நான் வகுப்பை மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவேன். ஃபுட்பால் சூரியன். அங்கிருந்து 24 மீட்டர் தள்ளி ஒரு கடுகு, அது பூமி. கடுகிலிருந்து ஆறு சென்டிமீட்டர் தள்ளி ஒரு ரவைத் துணுக்கு, அது நிலா. கடுகு இருக்கிற இடத்தில் தலையை வைத்து ஒரு கண்ணால் பார்த்தால் ரவைத் துணுக்கு அந்த ஃபுட்பாலை மறைக்கும். அதுதான் கிரகணம். இதே கணக்கில் அடுத்த நட்சத்திரம் எங்கே என்று எப்போதும் ஒருவன் கேட்பான். 6,300 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டில்லிக்கு ரயிலில் மூன்று தடவை போகிற தூரம். அவ்வளவு தள்ளி வைத்த ஃபுட்பால் புள்ளியாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்?

கடைசியாக உங்கள் ஊர் நிலா. உதிக்கும்போது ஒரு தடவை மிளகால் மறைக்கட்டும். தூங்கப் போகும் முன், நிலா நன்றாக மேலே ஏறியதும், இன்னொரு தடவை. அதே மிளகு அதே மாதிரி மறைக்கும். இன்னும் சொல்லப்போனால் நேர் மேலே வந்த நிலாதான் நமக்குக் கொஞ்சம் கிட்டே இருக்கிறது. பூமியின் ஆரம், அதாவது ஆறாயிரத்து நானூறு கிலோமீட்டர் வரை குறையும். நிலாவே மாதாமாதம் நாற்பதாயிரம் கிலோமீட்டர் கிட்டே வந்து தள்ளிப் போகிறது, அந்த வித்தியாசத்தையே நாம் கண்டுபிடிப்பதில்லை. அடிவானத்தில் மரங்களோடும் மேட்டோடும் சேர்ந்து நிற்கும்போது கண் அதைப் பெரிசாக்கிக்கொள்கிறது. கோயமுத்தூரில் கட்டடங்களைத் தாண்டி வந்த பிறகுதான் அவள் பார்த்திருப்பாள். குனிந்து கால்களுக்கு நடுவே தலைகீழாகப் பார்க்கச் சொல்லுங்கள். பலருக்கு அந்தப் பெரிசு காணாமல் போய்விடும். நீங்கள் முயல வேண்டாம், இடுப்பு பத்திரம்.

கட்டபெட்டு தாத்தா:

டீச்சர், ரொம்ப நன்றி. உங்கள் மிளகு இந்த வீட்டைப் படுத்துகிற பாடு கொஞ்சமில்லை.

நிலாவை மறைத்தாள், சரி. தோட்டத்துக்கும் போனோம். அப்புறம் என்னையே ரோட்டில் நடக்க விட்டுவிட்டாள். வாசல்படியில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் போங்க தாத்தா, இன்னும் போங்க, இன்னும் கால் தெரியுது" என்று விரட்டுகிறாள். பஸ் ஸ்டாப்பில் இருந்தவர்கள் என்னமோ ஏதோ என்று பார்க்கிறார்கள். அதையும் தாண்டியதும் "தாத்தா காணோம்!" என்று ஒரு கத்தல். திரும்பி வந்து நான் மூச்சு வாங்குவதற்குள் அவள் சொன்னது இது: "பாட்டி குட்டை. பாட்டி பஸ் ஸ்டாப் வரைக்கும்கூடப் போக வேணாம், அதுக்கு முன்னாடியே காணாமப் போயிடுவாங்க." நீங்கள் சொன்ன 110 மடங்கு கணக்கை எண்ணே இல்லாமல் சொல்லிவிட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டி நடக்க மறுத்துவிட்டாள்.

கூரை ஓட்டை விஷயம் எனக்குப் பழக்கமானது. 2019 டிசம்பர் 26 காலை, ஒன்பதரை மணி வாக்கில், வளைய கிரகணத்தன்று எங்கள் மாடித் தரையில் விழுந்த வட்டங்கள் எல்லாம் நடுவில் ஓட்டை விழுந்து வளையல் வளையலாக ஆகிவிட்டன. இலையைக் கிளறிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வெளியே போய் அண்ணாந்து பார்க்கக் கூடாது என்று எல்லாருக்கும் பயம், உள்ளேயே கிடைத்துவிட்டது.

நிலா சூரியனை ஏன் முழுசாக மறைக்காமல் விளிம்பை விட்டுவிட்டது என்று இப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது.

மஞ்சூர் டீச்சர்:

அதுவும் தூரம்தான் ஐயா. உங்கள் கைக்கும் பேத்தியின் கைக்கும் உள்ள வித்தியாசம். அன்று நிலா முழுசாக மறைக்கிற அளவுக்குக் கிட்டே இல்லை. டிசம்பர் கடைசி, ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்குக் கொஞ்சம் கிட்டே இருக்கும், அதனால் சூரியனும் துளி பெரிசு. நிலாவின் அகலம் சூரியனின் அகலத்தில் 97 சதவீதம்தான் தெரிந்தது. மீதி உங்கள் மாடித் தரையில் வளையலாக விழுந்தது.

பாட்டி விஷயத்தில் பேத்திக்கு முழு மார்க்.

முத்தொரை காரட்:

எங்கள் காரட் தோட்டத்திலிருந்து பார்த்தால் ரேடியோ டெலஸ்கோப் தெரியும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், சரிவில் வடக்கு தெற்காகப் படுத்திருக்கிறது. டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்காக கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970இல் வேலைக்கு வந்தது. நம் ஊர் 11 டிகிரி அட்சரேகை, சரிவும் ஏறத்தாழ 11 டிகிரி. அப்படி இருந்தால் டெலஸ்கோப்பின் நீளம் பூமியின் அச்சுக்கு இணையாக அமையும், ஒரே திருப்பாகத் திருப்பி வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். இந்தச் சரிவைத் தேடித்தான் இங்கே வந்தார்கள்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், ஆரம்பத்தில் அதற்குக் கொடுத்த முக்கிய வேலையே டீச்சரின் மிளகு வேலைதான், மிளகுக்குப் பதில் நிலா. ரொம்பத் தூரத்தில் இருக்கிற ரேடியோ மூலங்கள், அதாவது வானத்தில் ரேடியோ அலை வீசுகிற பொருள்கள், எவ்வளவு அகலம் என்று கண்டுபிடிக்கணும், எல்லாம் புள்ளிக்குக் கிட்டத்தட்ட. நிலா வானத்தில் நகரும்போது அவற்றை ஒன்றன் பின் ஒன்றாக மறைத்துக்கொண்டே போகும். மூலம் வெறும் புள்ளி என்றால் சிக்னல் சட்டென்று நிற்கும். அகலம் இருந்தால் படிப்படியாகக் குறையும். குறைய எடுத்த நேரத்தைப் பார்த்து அகலத்தைச் சொல்லிவிடலாம். நிலா தன் அகலம் அளவுக்கு நகர ஒரு மணி நேரம் ஆகும், அதனால் விநாடிக் கணக்கில் ரொம்ப நுணுக்கமாக அளக்க முடிந்தது. அந்த அளவுகளை அடுக்கிப் பார்த்தபோது பிரபஞ்சம் காலப்போக்கில் மாறிக்கொண்டு வந்திருக்கிறது என்பதற்கு 1975 வாக்கில் இங்கிருந்தே ஆதாரம் போனது.

பேத்திக்கு ரோட்டோரமாக நின்று காட்டிவிட்டு வாருங்கள், தூரத்திலிருந்தே நன்றாகத் தெரியும். அதையும் மிளகால் மறைத்துப் பார்க்கட்டும், 530 மீட்டரை மறைக்க எவ்வளவு தூரம் போகணும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஒளியாண்டு:

தூரம் போனால் சின்னதாகும் என்பதே முழு உண்மை இல்லையே. பிரபஞ்சம் விரிவதால், ஒரு தூரத்துக்கு மேல் போன காலக்சிகள் (நட்சத்திரக் கூட்டங்கள்) மறுபடி பெரிசாகத் தெரிய ஆரம்பிக்கும். வெளிச்சம் கிளம்பிய காலத்தில் அவை நமக்குக் கிட்டே இருந்தன. பிள்ளைக்கு விதியைச் சொன்னால் விதிவிலக்கையும் சொல்ல வேண்டாமா?

மஞ்சூர் டீச்சர்:

சரியான தகவல், தப்பான வயசு. அவள் காலேஜ் போகட்டும்.

விதி தடுமாறுகிற மாதிரி எதையாவது காட்டணும் என்றால் ஆண்ட்ரோமீடா காலக்சி இருக்கிறது. 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருந்தும், நீளவாக்கில் ஆறு நிலாவை வரிசையாக வைத்த அளவுக்கு வானத்தில் இடம் பிடிக்கிறது. மிளகால் மறைக்க முடியாது. மங்கல் என்பதால் வெறும் கண்ணுக்கு நடுப்பகுதி மட்டும் ஒரு புகைத் திட்டாகத் தெரியும். சாதாரண பைனாகுலரில் இன்னும் நன்றாக இருக்கும். தூரம் இருந்தால் கட்டாயம் புள்ளிதான் என்றில்லை, பொருள் அதற்கேற்ற பெருசாக இருந்தால் போதும் என்று அவளுக்கே புரியும்.

ஐயா, இது இந்த லீவில் நடக்காது, சாயங்கால வானத்தில் இப்போது இல்லை. கோயமுத்தூர் வெளிச்சத்திலும் தேட வேண்டாம். அரையாண்டு லீவில் வரச் சொல்லுங்கள், நிலா இல்லாத ராத்திரியாகப் பார்த்து, ஏழு எட்டு மணிக்கே வடக்குப் பக்கம் நல்ல உயரத்தில் கிடைக்கும். உறைபனி நேரம், காதை மூடும் குல்லா இல்லாமல் வெளியே விடாதீர்கள்.